நடுவில் இருந்த ஓராண்டு

வேலைக்கு விண்ணப்பிக்கும் பொறியியல் பட்டதாரியிடம் இன்று முதலில் கேட்கப்படுவது, "எந்த வருஷம் பாஸ் அவுட்?" பதில் நான்கைந்து ஆண்டு பழையதாக இருந்து, இடையில் அந்தத் துறையில் வேலை பார்த்த சான்றும் இல்லையென்றால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். மோகனூர், பரமத்தி வேலூர், நாமக்கல் பக்கம் இந்தக் கேள்விக்குத் தயங்குகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சிவில் முடித்துவிட்டு நிதி நிறுவன வசூலுக்குப் போனவர், மெக்கானிக்கல் முடித்துவிட்டுக் கோழிப்பண்ணையில் தீவனக் கணக்கு எழுதுகிறவர், குரூப் 4 தேர்வுக்குப் படித்தே இருபதுகளைக் கழித்தவர், பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு தன் எலெக்ட்ரிகல் பட்டத்தை எடுத்துப் பார்க்கிற தாய். படித்த கையோடு வேலையில் சேராதவருக்குப் பட்டம் கெட்டுப்போகும் என்பது ஏதோ இயற்கை விதி போல ஏற்கப்பட்டுவிட்டது. அந்த விதிக்கு வயது ஏறத்தாழ முப்பதுதான். அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பொறியாளர்கள் உருவான விதத்தைப் பார்த்தால், படிப்புக்கும் பதவிக்கும் நடுவே பழகுவதற்கென்று ஒரு படி ஏதாவது ஓர் உருவில் இருந்துகொண்டே வந்திருக்கிறது. தாமதமாகத் தொடங்க நினைப்பவரைத் தடுப்பது அவருடைய இடைவெளி ஆண்டுகள் என்று சொல்வதைவிட, அந்தப் படி இருந்த இடம் வெறுமையாகிவிட்டது என்று சொல்வது சரியாக இருக்கும்.

மோகனூரை வைத்தே இதைப் பேசலாம். காவிரிக் கரை ஊர், எதிர்க்கரையில் வாங்கல். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் இந்தப் பக்கம் செழிப்பதற்குக் காரணம் ஜேடர்பாளையத்தில் ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் தொகுதி: ராஜவாய்க்கால், குமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால். 17-ஆம் நூற்றாண்டில் அல்லாள இளைய நாயக்கர் உருவாக்கியது என்று வட்டாரம் இன்றும் போற்றுகிற ஏற்பாடு இது. ஆற்று மட்டத்துக்கும் வயல் மட்டத்துக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தை வைத்துக்கொண்டு, சரிவு பிசகாமல் தண்ணீரை மைல் கணக்கில் நடத்தி வந்திருக்கிறார்கள். கல்லூரி என்ற ஒன்றே இல்லாத காலத்துப் பொறியியல் அது. பிற்காலத்தில் பொதுப்பணித் துறை வந்தது, பட்டம் பெற்ற பொறியாளரும் வந்தார். வந்தவர் முதலில் கற்றது நீரியல் சமன்பாட்டை அல்ல, அதை அவர் ஏற்கெனவே படித்திருந்தார். கற்றது எம்-புக் எழுத. அளவுப் புத்தகத்தைத் துறையில் அப்படித்தான் சொல்வார்கள். பக்கங்களுக்கு வரிசை எண் இருக்கும், ஒரு தாளையும் கிழிக்கக் கூடாது. எழுதிய எண்ணை அழிக்கக் கூடாது, தவறினால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். கரை உடைந்த இடத்தில் நீளம், அகலம், ஆழம் பிடித்து அங்கேயே எழுதி, கன அளவு போட்டால் அதன்மேல்தான் ஒப்பந்தக்காரரின் பில் நிற்கும். மேலே உள்ளவர் பிறகு வந்து மறு அளவை செய்வார். மதகு ஷட்டரை எத்தனை சுற்றுத் திருகினால் கடைமடைக்கு எப்போது தண்ணீர் எட்டும் என்பதைச் சொல்லிக் கொடுத்தவர் லஸ்கர் என்ற வாய்க்கால் காவல் ஊழியர். பட்டம் வாங்கியவர் பொறியாளர் ஆனது இந்த மாதிரி மாதங்களில்தான்.

இதைத் துறைக்காரர்களின் பழக்கம் என்று ஒதுக்க முடியாது, கல்வித் திட்டமே அப்படித்தான் இருந்தது. கிண்டி பொறியியல் கல்லூரியின் மூலம் 1794-ல் மைக்கேல் டாப்பிங் முயற்சியில் எட்டு மாணவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளி. அங்கே சேர்ந்த பையன்கள் அளவையாளர்களுக்குக் கீழே பழகுநர்களாக இருந்தவர்கள், பாடம் அதனோடு சேர்ந்து வந்தது. அதே காலத்துப் பிரிட்டனில் பெரிய பொறியாளர் ஒருவரிடம் தொழில் கற்க, பெற்றோர் கட்டணம் கட்டிப் பிள்ளையை அனுப்பினார்கள். பிறகு கிண்டி பட்டக் கல்லூரியாக வளர்ந்தபோதும் செய்முறைப் பயிற்சி கழன்றுவிடவில்லை. இதற்கு நல்ல சான்று ஏ. லலிதாவின் வாழ்க்கை. பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர், பிறகு கிண்டியில் எலெக்ட்ரிகல் படித்தார். அங்கே பேராசிரியராக இருந்தவர் அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ். 1943-ல் படிப்பை முடித்தார். ஆனால் பட்டத்துக்கு ஒரு நிபந்தனை பாக்கியிருந்தது, செய்முறைப் பயிற்சி. பீகாரில் உள்ள ஜமால்பூர் ரயில்வே பணிமனைக்குப் போய் ஓராண்டு பழகுநராக இருந்து அதையும் முடித்தார். அதன் பிறகுதான் சிம்லாவில் வேலை, பின்னர் கல்கத்தா, பக்ரா நங்கல் அணையின் மின்கடத்துப் பணிகள். இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர் என்று அவரைக் கொண்டாடும்போது ஜமால்பூர் ஓராண்டை ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். கைம்பெண்ணான, இருபதுகளில் இருந்த ஒருவரைப் பணிமனைக்குள் கொண்டுபோய் நிறுத்தியது அந்த நிபந்தனைதான். பணிமனை அவரைத் தானாக அழைத்திருக்காது.

மோகனூருக்குத் தன் பணிமனை 1960-களில் வந்தது. சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை என்று பெயர், இருப்பது மோகனூரில். சர்க்கரை ஆலை ஒரு விசித்திரமான பள்ளிக்கூடம். அரவைப் பருவத்தில் அது இரவும் பகலும் நிற்காமல் ஓடும், ஒரு ரோலர் நின்றால் பின்னால் கரும்பு லாரிகளும் வண்டிகளும் சாலை நெடுக நிற்கும். அரவை முடிந்து ஆஃப் சீசன் வந்ததும் ஆலை முழுவதும் பிரித்துப் போடப்படும். ரோலரின் தேய்ந்த பற்களைத் திரும்ப வெட்டுவார்கள், சாறு காய்ச்சும் குழாய்களுக்குள் படிந்த காறையைச் சுரண்டுவார்கள், கொதிகலனுக்குள் ஆள் இறங்கிக் குழாய் குழாயாகப் பார்ப்பார்கள், பிறகு தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிக் கொதிகலன் ஆய்வாளர் முன்னால் சோதனை காட்டுவார்கள். இயந்திரத்தின் வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்தவர் அதன் வயிற்றைப் பார்ப்பது அப்போதுதான். பான் ஹவுஸில் பாகைப் படிகமாக்கும் பான்மேன், சிறு கம்பியால் பாகை வெளியே எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மணி எந்த அளவு வளர்ந்திருக்கிறது, இடையில் பொடி மணி புதிதாகப் பிறந்திருக்கிறதா என்று அதில் தெரியும். வெற்றிட அளவியும் வெப்பமானியும் பக்கத்திலேயே இருக்கும், ஆனாலும் இறக்கலாமா என்று முடிவு செய்வது அந்தக் கண்ணாடித் துண்டுதான். எந்தப் பல்கலைக்கழகத் தேர்விலும் இதற்கு மதிப்பெண் இல்லை.

இதே ஆலையின் கொதிகலன் அறையில் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய மிக வலுவான சான்று இருக்கிறது. கொதிகலன் சட்டத்தின் கீழ் எழுந்த விதிகளின்படி பெரிய கொதிகலன்களுக்குச் சான்று பெற்ற இயக்கப் பொறியாளர் பொறுப்பில் இருக்க வேண்டும். அந்தச் சான்றுக்கான தேர்வை எழுத டிப்ளமோவோ பட்டமோ மட்டும் போதாது, கொதிகலன் இயக்கத்தில் குறித்த காலம் வேலை பார்த்திருக்க வேண்டும். உயிராபத்து உள்ள இடத்தில் அரசு கேட்பது எத்தனை காலம் கொதிகலன் பக்கத்தில் நின்றாய் என்றுதான், எந்த ஆண்டு பட்டம் வாங்கினாய் என்று அல்ல. பட்டம் வாங்கிப் பத்தாண்டு ஆனவரும் நின்ற காலத்தைக் காட்டினால் தேர்வு எழுதலாம், நேற்றுப் பட்டம் வாங்கியவர் தங்கப் பதக்கமே வைத்திருந்தாலும் எழுத முடியாது. தகுதியைப் பற்றிய இந்தக் கணக்கு நியாயமானது என்று யாரும் மறுத்ததில்லை. மென்பொருள் நிறுவனமோ கட்டுமான நிறுவனமோ தலைகீழ்க் கணக்குப் போடும்போது மட்டும் அதையும் நியாயம் என்கிறோம்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். அந்தக் காலத்தில் பட்டதாரிகள் குறைவு, வேலை காத்திருந்தது, இடைவெளி என்ற சிக்கலே எழவில்லை, அதனால் பழைய கதை இன்றைக்கு உதவாது என்பார்கள். 1960-களின் பிற்பகுதி இதற்குப் பதில் சொல்லிவிடும். மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் நாடு முழுவதும் பொறியியல் இடங்கள் பெருகின, சேலத்திலும் 1966-ல் அரசு பொறியியல் கல்லூரி வந்தது. அதே நேரத்தில் இரண்டு போர்களின் செலவும் அடுத்தடுத்த வறட்சியும் சேர்ந்து, 1966 முதல் மூன்றாண்டுக்குத் திட்டங்களுக்கே விடுமுறை விட வேண்டி வந்தது. அணைகளும் ஆலைகளும் தள்ளிப்போக, ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். 1968-ல் மத்திய அரசு கல்லூரிச் சேர்க்கையையே குறைத்தது. சேலத்துக்காரர்களுக்கு இந்தக் காத்திருப்புக்கு ஒரு சொந்த அளவுகோலும் உண்டு. சேலம் இரும்பாலை வேண்டும் என்று அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-ல் எழுச்சி நாள் கொண்டாடப்பட்டது. 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். உற்பத்தி தொடங்கும்போது 1980-கள் பிறந்துவிட்டன. உலோகவியல் படித்துவிட்டு இரும்பாலையை எதிர்பார்த்திருந்த ஒருவர் எழுச்சி நாளிலிருந்து கணக்குப் போட்டால் பதினான்கு ஆண்டுக்கு மேல் ஆகிறது.

அந்த நெருக்கடிக்கு அரசு கண்ட மருந்து கவனிக்கத்தக்கது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் முதலில் ஐ.டி.ஐ. அளவிலான தொழில்களுக்குத்தான் இருந்தது. 1973-ல் அதைத் திருத்தி, பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ பெற்றவர்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். ஓராண்டுப் பயிற்சி, உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கும், தென் மாநிலங்களுக்குச் சென்னையில் ஒரு பயிற்சி வாரியம் பொறுப்பு. கிண்டியில் பட்டத்துக்கு உள்ளேயே இருந்த அந்த ஓராண்டை இப்போது பட்டத்துக்கு வெளியே சட்டம் கட்டிக் கொடுத்தது. இன்னொரு பாதையும் திறந்திருந்தது. இந்தியப் பொறியாளர் நிறுவனம் நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வு. வரைவாளர், ஓவர்சியர், ராணுவத்தின் தொழில்நுட்பப் பிரிவில் இருந்தவர் என்று வேலையில் இருந்தபடியே பாடம் படித்து, இரண்டு பிரிவுகளையும் தேறினால் பட்டத்துக்கு இணை. கோவையிலும் சேலத்திலும் டிப்ளமோக்காரர்களுக்கு மாலை நேரப் பொறியியல் படிப்பு நடந்தது. கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் தொழிற்சாலையும் வகுப்பும் மாறி மாறி வரும் ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பு நடந்தது. முப்பத்தைந்து வயதில் பொறியாளர் ஆனவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம், அதை யாரும் தாமதம் என்று சொன்னதில்லை.

ஏ.எம்.ஐ.இ. பட்டத்துக்கு இணை என்ற மதிப்பு 2013 மே 31-க்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்கு இல்லாமல் போனது. ஆனால் உண்மையான உடைப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. 1994-ல் திருச்செங்கோட்டில் கே.எஸ்.ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரி, அதையடுத்து நாமக்கல், ராசிபுரம் சாலைகளில் வரிசையாகக் கட்டடங்கள். 2010-களில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் 500-ஐத் தாண்டின. வாய்க்கால் பாசன விவசாயியின் மகளும் லாரி ஓட்டுநரின் மகனும் பொறியியல் படிக்க முடிந்தது இதனால்தான், அந்த நன்மையைக் குறைத்துப் பேசக் கூடாது. கல்லூரி பெருகிய அளவுக்குப் பயிற்சி இடம் பெருகவில்லை என்பதுதான் வழக்கு. செய்முறைப் பயிற்சி, விடுமுறையில் சில நாள் ஆலைக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வரும் சடங்காகச் சுருங்கியது. கடைசி ஆண்டு ப்ராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கலாம் என்ற நிலையும் வந்தது. அதே சமயம் மென்பொருள் நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து, படிப்பு முடியும் முன்பே நூற்றுக்கணக்கில் ஆள் எடுத்தன. அவர்களே மாதக்கணக்கில் பயிற்சியும் கொடுத்தார்கள். அதாவது நடுப்படி முற்றாக ஒழியவில்லை. அந்த ஆண்டு தேறியவருக்கு மட்டும் உரிய தனியார் சொத்தாக அது மாறியது. வளாகத் தேர்வு நடந்த வாரத்தில் கையில் அரியர் வைத்திருந்தவர், வீட்டில் யாருக்கோ உடம்பு முடியாமல் போனவர், மந்தமான ஆண்டில் படிப்பை முடித்தவர் ஆகியோருக்கு அந்தப் படி இல்லை. 2014-ல் வெளிவந்த 'வேலையில்லா பட்டதாரி' படத்தின் நாயகன் கல்லூரி முடித்து நான்கு ஆண்டு கழித்துக் கட்டுமான வேலையில் சேர்கிற சிவில் பொறியாளர். படம் ஓடியதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அந்த நான்கு ஆண்டை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை எந்தத் திரையரங்கிலும் இருக்கவில்லை.

அறிவு பழசாகிவிடும் என்ற வாதத்தைத் தட்டிக் கழிக்க முடியாது. சில துறைகளில் அது உண்மை. சிப் வடிவமைப்பிலோ மென்பொருளிலோ ஐந்தாண்டு என்பது நீண்ட காலம். ஆனால் பொறியியல் முழுவதும் அந்த வேகத்தில் ஓடவில்லை. மேலும், பழசாவது வேலையில் இருப்பவருக்கும்தான். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, 1978-ல் திருத்தப்பட்டபோது வடிவமைப்பு முறையின் அடிப்படையே மாறியது. அதுவரை பொருளின் அனுமதிக்கப்பட்ட தகைவை வைத்துக் கணக்கிட்டவர்கள், எல்லை நிலை முறைக்குப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. எஃகுக் கட்டுமானத்தில் அந்த மாற்றம் 2007-ல் வந்தது. இருபது ஆண்டு சர்வீஸ் உள்ளவர்கள் புத்தகத்தைப் பிரித்துவைத்து உட்கார்ந்தார்கள், கல்லூரி மாணவனிடம் சந்தேகமும் கேட்டார்கள். உங்கள் பட்டம் காலாவதி என்று யாரும் அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. மறந்ததையும் மாறியதையும் சில மாதங்களில் மீட்டுக்கொள்ள முடியும் என்று துறையே அப்போது ஒப்புக்கொண்டது. வெளியே இருப்பவருக்கு மட்டும் அதே சலுகை ஏன் கிடையாது என்று கேட்டால், நேர்மையான பதில் எண்ணிக்கைதான். ஆயிரம் விண்ணப்பங்களை ஐம்பதாக்க வேண்டியவருக்குத் தேர்ச்சி ஆண்டு மலிவான சல்லடை. நிறுவனத்தின் வசதி அது, அதில் தப்புக்கூட இல்லை. அதை அறிவின் அளவுகோல் என்று விண்ணப்பதாரரே நம்பத் தொடங்குவதுதான் கேடு.

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. மோகனூரில் 1888-ல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, தாலுகா அலுவலக எழுத்தர், பள்ளி ஆசிரியர், ஓவியர் என்று பல வேலை பார்த்த பிறகே கவிஞராக நாடறிந்தார். ஊர்க்காரர்கள் இதைத் தாமதமாகத் தொடங்குகிறவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லலாம். ஆனால் பிழையான கவிதை வெடித்து யாரும் சாவதில்லை, கவிதைக்கு ஆய்வாளரும் கிடையாது. அனுபவம் இல்லாதவரிடம் கொதிகலனையோ கட்டடத்தையோ ஒப்படைக்கக் கூடாது என்பது முழுக்கச் சரி. இந்த வாதம் தாக்குவது அனுபவமின்மையைத்தான், தாமதத்தை அல்ல. போன மாதம் பட்டம் வாங்கியவருக்கும் அனுபவம் இல்லை, ஆகவே இருவருக்கும் தேவை ஒரே மருந்து. பழைய பட்டறை முறையே மேல் என்று இதற்குப் பதில் சொல்வதும் சரிவராது. நாமக்கல்லின் லாரி பாடி கட்டும் தொழில், கல்லூரியின் தயவில்லாமல் பட்டறையிலேயே ஆள் வளர்த்து நாடு முழுவதும் பெயர் எடுத்தது உண்மை. மரத்தில் கட்டியபோது தச்சர், இரும்புக்கு மாறியபோது வெல்டர், எல்லோரும் எடுபிடியாக நுழைந்து கற்றவர்கள். ஆனால் யாரை நுழைய விடுவது என்று முடிவு செய்தது உறவும் ஊரும் சாதியும். பெண்களுக்கு அங்கே இடமே இல்லை. எழுதப்பட்ட விதியும் அரசின் உதவித்தொகையும் உள்ள பழகுநர் முறைதான் உறவுக்காரர் அல்லாதவரையும் உள்ளே விடும்.

அப்படி ஒரு முறை இன்றும் சட்டத்தில் இருக்கிறது என்பதே வேடிக்கை. 1973-ல் வந்த பட்டதாரிப் பழகுநர் திட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது, 2014-ல் திருத்தி மற்றப் பட்டதாரிகளுக்கும் விரித்தார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பழகுநர்களை எடுக்க வெளியிடும் அறிவிப்புகளைப் பார்த்தால் தெரியும். தகுதி என்ற தலைப்பின் கீழ் தேர்ச்சி ஆண்டுகள் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டிருக்கும், அந்தச் சில ஆண்டுகளுக்கு முன் தேறியவர் விண்ணப்பிக்க முடியாது. ஏற்கெனவே ஓராண்டு அனுபவம் உள்ளவரும் வரக் கூடாது. அனுபவம் உள்ளவரை விலக்குவது புரிகிறது, இடம் இல்லாதவருக்குப் போகட்டும் என்பதற்காக. அனுபவமே இல்லாமல் ஆண்டு மட்டும் கடந்தவரை விலக்குவதற்கு அந்தக் காரணம் பொருந்தாது. காத்திருந்து ஓய்ந்த பொறியாளர்களுக்காகப் பிறந்த திட்டம், காத்திருந்தவர் என்பதையே தகுதிக் குறைவாக எழுதி வைத்திருக்கிறது. புதிதாகத் தேறுகிறவர்களின் இடத்தைப் பழையவர்கள் பிடித்துக்கொள்வார்களே என்றால், இரு சாராருக்கும் தனித்தனி ஒதுக்கீடு வைப்பது நம் அரசுகளுக்குத் தெரியாத வித்தை அல்ல.

இடம் எங்கே என்ற கேள்வியும் இந்த வட்டாரத்துக்குக் கடினமானது அல்ல. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்கிறது இப்போதைய விதி. நான்கு முதல் இருபத்தொன்பது பேர் உள்ளவை விரும்பினால் எடுக்கலாம். நாமக்கல் பட்டறைகளில் பல இந்த இரண்டாம் வகைக்குள் வரும். லாரி பாடிக்கும் ட்ரெய்லருக்கும் மத்திய அரசின் வாகனத் தர விதிகள் வந்தபின், கைப்பழக்கத்தில் கட்டிக் கொடுத்த காலம் போய், வரைபடமும் அளவும் எடைக் கணக்கும் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. வெல்டருக்குத் தெரியாத அந்தக் காகித வேலை மெக்கானிக்கல் பட்டதாரிக்குத் தெரியும், பட்டதாரிக்குத் தெரியாத இரும்பு வெல்டருக்குத் தெரியும். கோழிப்பண்ணைக் கணக்கைவிட்டு முப்பது வயதில் அங்கே போகிற ஒருவர் ஓராண்டில் கற்றுக்கொள்வது நிறைய இருக்கும். இன்றைய நிலையில் அவர் அந்த ஓராண்டை முடித்து வெளியே வரும்போது கையில் இருப்பது பட்டறை முதலாளி லெட்டர்பேடில் எழுதிக் கொடுக்கும் நான்கு வரிக் கடிதம். அதைப் பெரிய நிறுவனங்கள் அனுபவமாகக் கணக்கில் எடுப்பதில்லை, பயிற்சி வாரியத்தின் சான்றாக இருந்தால் எடுக்கும்.